184 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரமா?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மாவின் அக்கா யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தில் இருக்கிறார். அந்தப் பெரியம்மாவின் பேத்திக்குத் திருமணம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் இருப்பதால் அதில் போக நினைக்கிறார்கள். அவர் கேட்பது இதுதான்: "திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 184 கி.மீ. என்று இணையத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட்டைப் பார்த்தால் ஒரு மணி நேரம் என்கிறது. மணிக்கு 500 கி.மீ. போகிற விமானம் என்றால் 22 நிமிடத்தில் போய்விட வேண்டாமா? எது சரி? வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? திரும்பி வரும் நாளன்றே இரவு என் தம்பி திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க முடியுமா?"

சகோதரி, இரண்டும் சரியான கணக்குதான். 184 என்பது வரைபடத்தின் கணக்கு, ஒரு மணி என்பது அட்டவணையின் கணக்கு. ஆனால் உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போக இந்த இரண்டுமே போதாது. மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் வாசற்படியிலிருந்து பெரியம்மா வீட்டு வாசற்படி வரைக்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன். விமானங்களைக் கிளப்பி அனுப்பும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். "இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே, ஏன் இவ்வளவு நேரம்?" என்ற கேள்வியைக் கவுன்டர் ஓரத்தில் நின்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10.765 பாகை, கிழக்குத் தீர்க்கம் 78.71 பாகையில் இருக்கிறது. பலாலியில் இருக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் 9.792 பாகை, 80.07 பாகை. தெற்கே இறங்கவேண்டியது 0.97 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 58 கடல் மைல். கிழக்கே போகவேண்டியது 1.36 பாகை. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் நம் பகுதியில் அதை 0.98 ஆல் பெருக்க வேண்டும். 80 கடல் மைல் வரும். இனி பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான். 58, 80 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 99. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால் 183, 184 கி.மீ. வந்துவிடும். நீங்கள் இணையத்தில் பார்த்த எண் இதுதான்.

அந்தக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பி, கந்தர்வகோட்டைப் பக்கம் போய், பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே கடந்து, அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையில் கரையைவிட்டு நீங்குகிறது. அதன்பின் பாக் நீரிணை. மொத்த வழியில் ஏறத்தாழ பாதி, நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, கடல்தான். கடல் முடியும் இடத்தில் கீரிமலை, அடுத்து பலாலி.

இந்தக் கோட்டின்மேல் விமானம் அப்படியே போவதில்லை. நேரக் கணக்கு முதலில் இங்கேதான் விலகுகிறது. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்து எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது கிழக்கு நோக்கி எழும்பினால் பாதி திசை தானாகவே சரியாக இருக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, அடிக்கும் நாளில் மேற்கு நோக்கி ஓடி எழும்ப வேண்டும். அதாவது யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, பிறகு அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். அதிலேயே மூன்று நான்கு நிமிடம் போய்விடும். பலாலியிலும் இதே கதைதான். அங்கே ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது. தென்மேற்குக் காற்று நாட்களில் கடல்பக்கமாகச் சுற்றிப் போய், வடகிழக்கிலிருந்து முகம் திருப்பி இறங்க வேண்டும்.

நடுவில் இன்னொன்றும் உண்டு. பாக் நீரிணைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று இருக்கிறது. அதற்கு இந்தப்பக்கம் விமானத்தை வழிநடத்துவது சென்னைக் கட்டுப்பாடு, அந்தப்பக்கம் கொழும்புக் கட்டுப்பாடு. எல்லையை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. குறித்துவைத்த புள்ளிகள் வழியாகத்தான் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் 184 என்பது நடைமுறையில் 200 கி.மீ.யை ஒட்டி வந்துவிடும்.

அடுத்து வேகம். 22 நிமிடக் கணக்கில் பிழை இருப்பது இங்கேதான். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 வகை, சுழல்விசிறி வைத்த விமானம். மணிக்கு 500 கி.மீ. என்பது அது உயரே ஏறிச் சமமாகப் பறக்கும்போது எட்டும் வேகம். ஏறும்போது அந்த வேகம் கிடையாது. இறங்கும்போதும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் பஸ், பேருந்து நிலையத்திலிருந்து புறவழிச்சாலை வரும்வரை அப்படியா போகிறது?

என் கணக்கில் இப்படி வரும். ஏறுவதற்கு ஏறத்தாழ 12 நிமிடம். அதற்குள் 70 கி.மீ. கடந்திருக்கும். இறங்குவதற்கும் அதே அளவு நேரம், அதே அளவு தூரம். மீதமிருப்பது 50, 60 கி.மீ. அந்தத் துண்டில் மட்டும்தான் விமானம் தன் முழு வேகத்தில் போகிறது, ஆறேழு நிமிடம். இறங்குமுன் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர நான்கைந்து நிமிடம் வைத்துக்கொண்டால் சக்கரம் தரையைவிட்டு எழும்பியதிலிருந்து தரையைத் தொடும்வரை 35 நிமிடத்தை ஒட்டி வரும். காற்றுக்கும் நாளுக்கும் ஏற்ப இது சில நிமிடம் முன்பின் ஆகும்.

அப்படியானால் டிக்கெட்டில் போட்டிருக்கும் மீதி 25 நிமிடம் எங்கே போயிற்று? அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். புறப்படும் இடத்தில் அந்தக் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, சேரும் இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம்வரை எண்ணுவதுதான் அட்டவணை நேரம். துறையில் இதற்கு பிளாக் டைம் என்று பெயர். என்ஜினை முழுதாக இயக்கிச் சரிபார்ப்பது, ஓடுபாதை முனைவரை தரையில் ஊர்ந்து போவது, இறங்க வரும் வேறு விமானத்துக்காகக் காத்து நிற்பது, மறுமுனையில் இறங்கி நிறுத்துமிடம் வரை போவது எல்லாம் இதற்குள் அடக்கம். இதற்குமேல் தாமதத்தைச் சமாளிக்க நிறுவனம் ஐந்து பத்து நிமிடம் சேர்த்து வைக்கும். அதனால்தான் சில நாள் "அட்டவணைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிக்கிறார்கள்.

பயணியாகப் போகும்போதும் கைக்கடிகாரத்தில் நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்வது என் பழக்கம்: கதவு மூடியது, சக்கரம் எழும்பியது, சக்கரம் தொட்டது, கதவு திறந்தது. சென்னை திருச்சி வழியில் அப்படிக் குறித்த தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கதவு மூடியதற்கும் சக்கரம் எழும்பியதற்கும் இடையில் சில நாள் 9 நிமிடம், சில நாள் 24. வானத்தில் கழிந்த நேரம் அவ்வளவாக மாறியதே இல்லை. உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு தாள் கொடுங்கள். அவருக்குப் பொழுதும் போகும், பதற்றமும் குறையும்.

இந்த நிலையான நேரம் இருக்கிறதே, அது தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. திருச்சியிலிருந்து சென்னை வானவழியில் ஏறத்தாழ 293 கி.மீ. அதற்கும் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் 354 கி.மீ.; அதற்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணிவரை போடுகிறார்கள். தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்போது நேரம் கால் மணி, அரை மணிதான் கூடுகிறது. ஆகவே 300 கி.மீ.க்கு உட்பட்ட பெரும்பாலான வழிகளுக்கு "ஏறத்தாழ ஒரு மணி" என்று மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒவ்வொரு நூறு கி.மீ.க்கும் ஏடிஆரில் 12 நிமிடம், ஜெட்டில் 8 நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். கைவசம் வைத்துக்கொள்ள நல்ல கணக்கு இது.

ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போகலாமே என்று தோன்றும். இந்தத் தூரத்தில் ஜெட் தன் உயரத்தை எட்டுவதற்குள்ளேயே இறங்கத் தொடங்க வேண்டும். மிச்சமாவது ஐந்து நிமிடம். செலவாகும் எரிபொருளோ மிக அதிகம். தவிர, பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதுமான நீளத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம் அது. 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவால் சென்னைச் சேவை நின்றுபோய், 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. திருச்சியிலிருந்து இண்டிகோ பறக்கத் தொடங்கியது 2025 மார்ச் 30. அது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். உங்கள் திருமண நாள் இந்தத் தேதிகளுக்கு அப்பால் இருந்தால், இப்போது இணையத்தில் தெரியும் நேரத்தை நம்பி மண்டபக்காரரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். டிக்கெட் எடுத்த பிறகும் நேரம் மாறினால் குறுஞ்செய்தி வரும். அதனால் முகவரின் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்று டிக்கெட்டில் ஐந்து பத்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் குழம்ப வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று யாழ்ப்பாணம் போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும், திரும்பும் விமானத்தை எதிர்த்து நிற்கும். இவ்வளவு குறைந்த தூரத்தில் அதனால் வருவது இரண்டு மூன்று நிமிட வித்தியாசம்தான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 2006 ஏப்ரல் முதல் ஒரே கடிகார நேரம். ஆகவே டிக்கெட்டில் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் வருவதே பயண நேரம். உங்கள் தம்பியின் சிங்கப்பூர் டிக்கெட்டில் இப்படிக் கழிக்கக் கூடாது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஏழு மணி நேரப் பயணம் போலத் தெரிவது உண்மையில் நாலரை மணிதான்.

இனி உங்கள் வாசற்படிக் கணக்கு. விமானம் பகல் 1 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 35 நிமிடப் பறப்பு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம்; குடியகல்வு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. நிறுவனங்கள் மூன்று மணி முன்னதாக வரச் சொல்லும். அவ்வளவு முடியாவிட்டாலும், முதியவரும் சக்கர நாற்காலியும் இருப்பதால் இரண்டரை மணிக்குக் குறையாமல், அதாவது 10.30க்குத் திருச்சி நிலையத்தில் இருங்கள். 2024 ஜூன் முதல் இயங்கும் புதிய முனையம் பெரியது. நடக்க நிறைய இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி. துவாக்குடிப் பக்கம் நெரிசலுக்குக் கால் மணி. 9 மணிக்குக் காரில் ஏறிவிடுங்கள். 2 மணிக்குப் பலாலியில் இறங்கி, குடிவரவும் பெட்டியும் முடிந்து வெளியே வர முக்கால் மணி. சுன்னாகம் அங்கிருந்து பக்கம்தான்; யாழ்ப்பாண நகரம் போக 16 கி.மீ. என்றால் நீங்கள் அதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள். மூன்றேகாலுக்குப் பெரியம்மா வீட்டில் கை நனைக்கலாம். ஆக மொத்தம் ஆறேகால் மணி நேரம். அதில் வானத்தில் கழிவது 35 நிமிடம்.

இது அதிகம் என்று தோன்றினால் மற்ற வழிகளைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகவும், முன்கூட்டியே போய்ச் சோதனைகளை முடிக்கவும் இன்னொரு நாலரை மணி. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். சுமை நிறைய இருந்தால் கப்பல் நல்ல வழிதான், ஆனால் முழங்கால் வலியோடு ஆடும் தளத்தில் நடப்பது வேறு பாடு. கொழும்பு வழி போனால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கி.மீ. தரைவழி. உங்கள் அம்மாவுக்குத் திருச்சி விமானமே சரி என்று தயங்காமல் சொல்வேன்.

தம்பியின் சிங்கப்பூர் விமானத்தைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. திருச்சியில் இறங்கி, குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டுப் பக்கம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறுந்தூர விமானம் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போய்வரும் விமானம். காலையில் எங்கோ நேர்ந்த அரை மணித் தாமதம் மாலைக்குள் வட்டியும் முதலுமாகச் சேர்ந்துவிடும். இறங்கும் நேரத்துக்கும் சிங்கப்பூர் புறப்பாட்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம் இருந்தால் போகலாம். நான்கு மணி என்றால் மனம் ஒப்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் அன்றே வேண்டாம். முதல் நாளே திரும்பிவிடட்டும். பலாலியில் மழை மூடினால் விமானம் இறங்காமலே திருச்சிக்குத் திரும்பிப் போகும் நாட்களும் உண்டு.

ஏடிஆரைப் பற்றி அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியவை சில. ஏறும் கதவு பின்பக்கம் இருக்கும், முன்பக்கம் பெட்டிகளுக்கு. தரை அதிக உயரமில்லை, கதவோடு சேர்ந்த படிகள் ஐந்தாறுதான். ஆனாலும் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். பெரிய விமானத்தைப் போல முனையத்திலிருந்து நேராக உள்ளே நுழைய முடியாது. தரையில் இறங்கி வெயிலில் நிற்க வேண்டிவரலாம். தொப்பியோ குடையோ கையில் இருக்கட்டும். ஏறும்போதே வலப்பக்க என்ஜின் உறுமும், ஆனால் அதன் விசிறி அசையாமல் நிற்கும். பார்ப்பவர்களுக்குப் பழுதோ என்று தோன்றும். விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு, உள்ளே விளக்குக்கு மின்சாரமும் குளிருக்குக் காற்றும் எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

கைப்பை 7 கிலோவுக்குள் இருக்கட்டும். தலைக்குமேல் உள்ள அறை சிறியது. கொதிக்கும் வெயிலில் இந்த விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். அப்படிப்பட்ட நாளில் சில பெட்டிகள் அடுத்த விமானத்தில் வரக்கூடும். ஆகவே அம்மாவின் மாத்திரைகளும் முகூர்த்தப் புடவையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். நகை நிறையக் கொண்டுபோவதானால் திருச்சியில் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது உங்கள் நகைதான் என்று மெய்ப்பிக்க வேறு வழி தேட வேண்டியிருக்காது. அதற்கென்று அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். இலங்கைக்கான நுழைவு அனுமதியை இணையத்தில் பெற்று, அச்சிட்ட தாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இருக்கை. இந்த விமானத்துக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோடியக்கரை முனை தெரியும். அம்மாவுக்கு வலப்பக்கம் கேளுங்கள், எஃப் எழுத்துள்ள ஜன்னல் இருக்கை, ஏறி இறங்க வசதியாகக் கடைசிக்குச் சற்று முன்னால். கரை நெருங்கும்போது காரைநகரும் தீவுகளும் அந்தப் பக்கம்தான் வரும். அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடம்கூட இருக்காது. அவரைத் தூங்கவிட்டுவிடாதீர்கள்.